மரத்துக்குள் சிலை இல்லை

மாமா வீட்டு ஷோகேஸில் ஒரு மீனவன் இருந்தான். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. சிங்கப்பூரில் பல வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு 1998இல் ஊரோடு வந்தபோது கோடாலித் தைலம், கம்பளி, டேப் ரெக்கார்டரோடு இவனையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்றேகால் அடி உயரம். கறுப்பை ஒட்டிய பழுப்பு நிறம். ஓலைத் தொப்பி, நெஞ்சுவரை தாடி, முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்ட கால்சட்டை. தூக்கிய வலது கையில் தூண்டில், இடுப்பில் கூடை, கூடையிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு மீன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். "நூறு வருசத்துக்கு மேல பழசுடா, சைனாக்காரன் கடையில வாங்குனது" என்று மாமா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

போன வருடம் மாமா இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அத்தை அந்த மீனவனை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார். "நீதான் சிலை, கோயிலுன்னு என்னமோ எழுதுறியே. வச்சுக்க."

பெங்களூருக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் விலை தேடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது. போட்டோ எடுத்துப் போட்டுத் தேடினால் இவனுடைய அண்ணன் தம்பிகள் வரிசையாக வந்தார்கள். அதே தொப்பி, அதே மீன், அதே சிரிப்பு. எல்லோருக்கும் கீழே "விண்டேஜ்", "கையால் செதுக்கியது", "கிழக்காசியா". பழம்பொருள் விற்கும் ஒருவருக்கு அனுப்பிக் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது மூன்று கேள்வி: எந்த நாடு, எவ்வளவு பழசு, அடியில் முத்திரை இருக்கிறதா. மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்ப ரொம்ப போகாது சார்" என்றார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஜப்பானியது என்று போட்டிருந்த ஒரு சாண் உயர மர போதிசத்துவரை பதினெட்டாயிரம் கொடுத்து ஆன்லைனில் வாங்கியிருந்தேன். அதே வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, என் சொந்த மாவட்டத்து அரும்பாவூரில், ஒரு மரக்குதிரைக்கு ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் பேசினேன். குறைத்தும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட உறுத்தவில்லை.

அந்த வியாபாரியின் மூன்று கேள்விகள்தான் பிறகு உறுத்தின. ஏனென்றால் அவை என்னுடைய கேள்விகளும்கூட. சிலைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். என்ன மூர்த்தி, எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், எந்த அரசன் காலம், கல்வெட்டு என்ன சொல்கிறது. தமிழில் சிற்பம் பற்றி எழுதுகிற பெரும்பாலோர் செய்வது இதுதான். ஆளை அடையாளம் கண்டு, வயதை நிர்ணயித்து, ஊரைக் குறித்துவிட்டால் கட்டுரை முடிந்தது. உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது, எங்கே தயங்கியது, எங்கே சும்மா பழக்கத்தில் ஓடியது என்று எழுத எங்களுக்குத் தெரியாது. அதற்கான சொற்களும் எங்களிடம் இல்லை.

2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதரை வெளியே எடுத்தார்களே, நினைவிருக்கும். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை குளத்துக்கு அடியிலிருந்து வருகிற அத்திமரச் சிலை. ஜூலை 1இலிருந்து 48 நாள். நவீனத் தமிழ்நாட்டில் ஒரு மரச்சிற்பத்தை இத்தனை பேர் பார்த்ததே கிடையாது. அந்த நாட்களில் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள், பாஸ் பற்றி எழுதினார்கள், தலபுராணம் எழுதினார்கள். செதுக்கலைப் பற்றி ஒரு பத்தி என் கண்ணில் படவில்லை. திருமந்திரத்து மர யானையை மேடைக்கு மேடை சொல்லுகிறோம். யானை தெரிந்தால் மரம் மறைகிறது, மரம் தெரிந்தால் யானை மறைகிறது. சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தச்சன் இருந்தானே, அவன் எப்போது தெரிவான்?

மீனவனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஊருக்குப் போனேன்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் சாலையில் வேப்பந்தட்டை தாண்டி, கிருஷ்ணாபுரத்தில் மேற்கே திரும்பினால் அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம். வாகை, மா, வேம்பு என்று மலையோரத்து மரங்களில் தலைமுறைகளாகச் சிலை செய்கிற ஊர். 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அதே சமயத்தில்தான். அடுத்த வருடம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் வந்தது. அரும்பாவூரின் பெருமை ஒரே கட்டையில் செய்வது. கையைத் தனியாகச் செய்து ஒட்டுவது, கிரீடத்தைச் சொருகுவது எல்லாம் இங்கே குறைச்சலான வேலை.

நான் போனது அறுபது தாண்டிய ஓர் ஆசாரியிடம். மீனவனைக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். கையில் ஏந்தி எடை பார்த்தார். அப்புறம் கக்கத்துச் சந்தில் நகத்தை விட்டுச் சுரண்டினார்.

"சாயம், தம்பி."

"இல்லீங்கய்யா, நூறு வருசம்னு..."

"அழுக்குன்னா நகத்துல பொடியா வரும். இது பிசின் மாதிரி நிக்கிது பாருங்க. மேல ஊத்தித் தொடச்சிருக்காங்க. தொடைக்க முடியாத சந்துல தங்கிப்போச்சு. கை பட்டுப் பட்டு பழசான சாமான் வேற மாதிரி இருக்கும். தொடுற எடமெல்லாம் வழவழன்னு தேஞ்சிருக்கும். இதுல மூக்கு நுனிகூட தேயல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க மாமா வாங்குனப்ப புதுசாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

மாமாவின் நூறு வருடம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. நான் பையை எடுத்தேன். அவர் கொடுக்கவில்லை. வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் நிஜமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

முகத்தைச் செய்தவன் ஒருவன், துணி மடிப்பைச் செய்தவன் வேறொருவன் என்றார். மடிப்பில் உளி ஒரே ஆழத்தில் இறங்குகிறது, கற்றுக்கொள்கிற பையன். கூடைப் பின்னலைக் காட்டி, "இது நூறு கூடை செஞ்சவன். கை தானா ஓடியிருக்கு, மனசு இல்ல." தாடி சுமார். பிறகு இடது காலுக்கு வந்தார். நான் முப்பது வருடமாக அந்தச் சிலையைப் பார்க்கிறேன், அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. பெருவிரல் சற்றே மேலே தூக்கியிருக்கிறது. மற்ற நான்கும் கீழே வளைந்து பாறையைக் கவ்வுகின்றன. உடம்பின் எடை முழுக்கக் குதிகாலின் வெளிப்பக்கத்தில்.

"வழுக்குற எடத்துல நிக்கிறவன் காலு இது. செஞ்சவன் நின்னு பாத்திருக்கான், இல்ல நிக்கிறவன பாத்திருக்கான்."

வலது கையையும் காட்டினார். தூண்டில் பிடித்த கை தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கிறதாம். அந்தக் கைக்குக் கீழே, கூடை ஓரத்தில், பழுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஒரு வட்டம். "கணு. கைய இங்க எறக்கியிருந்தா கணுவுல மாட்டும், தெறிச்சுடும். மேல தூக்கித் தப்பிச்சிருக்கான். தப்பிச்சதும் பாருங்க, ஆளு உற்சாகமா கை தூக்குற மாதிரி ஆயிடுச்சு."

நான் படித்த எந்தச் சிற்ப விமர்சனத்தைவிடவும் நல்ல விமர்சனம் இது. அதைச் சும்மா பாராட்டாகச் சொல்லிவிட்டுப் போகாமல், இது எந்த எண்ணத்தை உடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிற்பத்தைப் பற்றி உலகம் முழுக்க ஒரு பொன்மொழி சுற்றுகிறது. சிலை ஏற்கெனவே கல்லுக்குள், மரத்துக்குள் இருக்கிறது; சிற்பி வேண்டாததை நீக்குகிறான், அவ்வளவுதான். மைக்கேலாஞ்சலோவின் பெயரில் சொல்வார்கள். நம் ஊர்ப் பட்டிமன்றத்திலும் தன்னம்பிக்கைக் கூட்டத்திலும் ஆசிரியர் பெயர் இல்லாமலே சொல்வார்கள். ஜப்பானில் இதற்கு ஓர் அழகான வடிவம் உண்டு. நட்சுமே சொசெகி 1908இல் எழுதிய கனவுக் கதைகளில் ஆறாவது இரவு. பல நூற்றாண்டு முன்பு வாழ்ந்த உன்கெய் என்ற சிற்பி கோயில் வாசலில் காவல் தெய்வத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். வேடிக்கை பார்க்கும் ஒருவன், அவர் செய்யவில்லை, உள்ளே புதைந்திருப்பதைத் தோண்டி எடுக்கிறார் என்கிறான். கதைசொல்லி வீட்டுக்கு ஓடி விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பார்க்கிறான். எதிலும் தெய்வம் இல்லை. தன் காலத்து மரத்தில் அது புதைந்திருக்கவில்லை என்று புரிந்துகொள்கிறான்.

எனக்கு மிகப் பிடித்த கதை. ஆனால் உன்கெய் செய்த நிஜமான காவல் தெய்வங்களைப் பற்றிப் படித்தால் கதை வேடிக்கையாகிவிடுகிறது. நாரா நகரத்தில் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாயிலில் இரண்டு சிலைகள். ஒவ்வொன்றும் எட்டு மீட்டருக்கு மேல். 1203இல் உன்கெய், கைகெய் முதலான தலைமைச் சிற்பிகளும் அவர்களுடைய ஆட்களும் சேர்ந்து 69 நாளில் முடித்தார்கள். 1988இலிருந்து 1993வரை பழுதுபார்க்கக் கழற்றியபோது எண்ணினார்கள்: ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூவாயிரம் மரத்துண்டுகள். வேலைக்கு நடுவிலேயே சில பாகங்களை மாற்றிப் பொருத்திய தடயங்களும் இருந்தன. அதாவது உள்ளே சிலை புதைந்திருக்க அங்கே ஒரு கட்டையே கிடையாது. வெட்டி, அடுக்கி, பார்த்து, திருத்தி, மறுபடி பொருத்திய வேலை.

அதற்குக் காரணம் மரத்தின் குணம். மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே வரும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டும் ஒத்துப்போகாததால் முழுக் கட்டை வெடிக்கும். ஜப்பானியர்கள் முதலில் ஒரே கட்டையில்தான் செய்தார்கள். வெடிப்பைத் தடுக்க முதுகுப் பக்கமாகக் குடைந்தார்கள். பிறகு பல துண்டுகளைச் சேர்த்து உள்ளே வெற்றிடமாக வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1053இல் ஜோச்சோ செய்த பியோதோயின் அமிதா புத்தர் அந்த முறை முழுமை பெற்ற இடம். இந்த இடத்தில் என்னைப் போன்றவர்களுக்கு மோனோலித், மைக்ரோசர்வீஸ் என்று நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்கிறேன்.

போனில் தோதாய்ஜி படத்தை ஆசாரியிடம் காட்டினேன். "ஒட்டு வேலையா?" என்று உதட்டைப் பிதுக்கினார். உயரத்தைச் சொன்னேன். துண்டுகளின் கணக்கைச் சொன்னேன். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, தோள்பட்டையிலிருந்து முழங்கைவரை மெதுவாகப் பார்த்தார்.

"எத்தன நாளு?"

"69."

"மழ காலமா, வெயிலா?"

கோடைக்குப் பிறகு ஆரம்பித்து இலையுதிர் காலத்தில் முடித்தார்கள் என்றேன். தலையாட்டினார். ஒட்டு வேலை என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ஆனால் என் கேள்வி வேறு. ஒரே கட்டையில் செய்பவர் இவர். அந்தப் பொன்மொழி எங்காவது உண்மையாக இருக்க முடியும் என்றால் அரும்பாவூரில்தான். மரத்துக்குள்ளே சாமி தெரியுமா என்று கேட்டேன்.

"மரத்துக்குள்ள மரம்தான் தம்பி இருக்கும். கணு இருக்கும், வண்டு தொளச்சது இருக்கும், வெடிப்பு இருக்கும். வைரம் பாஞ்சது எது, வெளிறு எதுன்னு பாத்து, நடுவ ஒதுக்கி, நாம நெனச்சதுல எவ்ளோ அதுக்கிட்ட நடக்கும்னு பேசிப்பாக்கணும். அவ்ளோதான்."

எனக்கு இது அந்தப் பொன்மொழியைவிடப் பெரிய சிந்தனையாகப் படுகிறது. சிலை உள்ளேயே இருக்கிறது என்பவர் சிற்பியின் உழைப்பை அழிக்கிறார். சிலை முழுக்கச் சிற்பியின் மனதில் இருக்கிறது என்பவர் மரத்தை அழிக்கிறார். மீனவனின் தூக்கிய கை இரண்டிலும் இல்லை. ஒரு கணுவைத் தவிர்க்கப் போய் வந்த கை அது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அரும்பாவூர் வேலைகளைப் பற்றியும் கசப்பாகச் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்ப்பாசம் வேண்டாம். இன்று கடைகளில் பார்க்கிற பல விநாயகர்கள் ஒரே விநாயகர். நகை வேலைப்பாடு கூடிக்கொண்டே போகிறது, உடம்பு காணாமல் போகிறது. திருவாசியின் ஒவ்வொரு சுருளுக்கும் உழைத்தவர்கள் முழங்காலுக்கு உழைக்கவில்லை. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, உளி பட்ட இடமே தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் என்கூ என்று ஒரு துறவி இருந்தார். ஊர் ஊராக அலைந்து, பிளந்த விறகுபோன்ற கட்டைகளில் புத்தர்களைச் செய்தார். 1,20,000 செய்வதாக விரதம் என்பார்கள், ஐயாயிரத்துக்கு மேல் இன்றும் இருக்கின்றன. கோடாலி வெட்டும் உளி வெட்டும் அப்படியே தெரியும். பிளவு கொடுத்த வடிவத்திலேயே தோள் இருக்கும். அந்தத் துணிச்சல் நமக்கும் வரட்டும் என்று ஆசாரியிடம் சொன்னேன்.

"வார்னிஷ் இல்லாம வச்சா நீங்க வாங்குவீங்களா?" என்றார். ஐந்நூறு ரூபாய் குறைத்த ஆள் நான். பேசாமல் இருந்தேன்.

வாங்குகிறவன் பளபளப்பைக் கேட்கிறான், பளபளப்பு கிடைக்கிறது. பழமையைக் கேட்கிறான், சாயம் ஊற்றிப் பழமையும் கிடைக்கிறது. சீனாவில் 1950களுக்குப் பிறகு கைவினைஞர்களைக் கூட்டுறவுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் சேர்த்து ஏற்றுமதிக்குச் செய்யவைத்தார்கள். ஃபூஜோ நகரத்து லோங்கன் மரச் சிற்பங்களில் மீனவரும் முனிவரும் வழக்கமான உருவங்கள். என் மீனவனும் அந்த மாதிரி ஏதோ பட்டறையில் ஒருவர் முகம், ஒருவர் மடிப்பு, ஒருவர் கூடை என்று கைமாறி வந்தவனாக இருக்கலாம். இதில் கேவலம் எதுவும் இல்லை. தோதாய்ஜியும் அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்தப் பட்டறையில் ஒருவர், யாரும் கேட்காத ஒரு காலை, யாரும் கவனிக்காத இடத்தில், சரியாகச் செய்திருக்கிறார். "விண்டேஜ்" என்ற சொல்லால் அந்தக் காலைப் பார்க்கவே முடியாது.

பழமை என்று ஆசைப்பட்டால் எங்கள் பக்கத்தில் மரத்துக்கு வேறு கதி. பெரம்பலூர் சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம், 12 கோடி வருடம் என்கிறார்கள், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அது கல்லாகிவிட்டது. மாமாவின் ஊருக்குச் சில கிலோமீட்டரில், அரியலூர் மாவட்டத்து கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில், சோழர் அரண்மனையைத் தோண்டிய இடத்தில் மரத்தூண்கள் நின்ற கருங்கல் அடித்தளங்கள் கிடைத்தன. தூண்கள் இல்லை. அதில் என்ன செதுக்கியிருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதே அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. ராஜேந்திரன் காலத்தில், 1033இல், சோழத் தூதுக்குழு சீனாவின் சோங் அரசவைக்குப் போயிருக்கிறது. ஆக, சீனப் பொருளைக் கடல்வழியாகக் கொண்டுவந்து வீட்டில் வைத்துப் பெருமைப்பட்ட முதல் ஆள் அந்தப் பக்கத்தில் என் மாமா இல்லை.

போக்குவரத்து ஒருவழியும் இல்லை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் 11-12ஆம் நூற்றாண்டுச் சீன மரச்சிற்பம் ஒன்று இருக்கிறது, குவான்யின். எட்டடி உயரம். ஒரு காலை மடித்து மேலே வைத்து, மறு காலைத் தொங்கவிட்டு, தூக்கிய முழங்கால் மேல் கையை நீட்டி உட்கார்ந்திருப்பார். படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர் ஏரிக்கரை ஐயனார் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். குவான்யின் அவலோகிதேசுவரர்தானே, உட்காரும் விதமும் இங்கிருந்து போனதுதான். ஆசாரியிடம் இந்தப் படத்தையும் காட்டினேன். பெயர் கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை. "கை சும்மா தொங்குது பாருங்க. ஒரு வேலையும் செய்யாத கைய செய்யிறதுதான் கஷ்டம்" என்றார்.

அன்று இரவு அத்தைக்குப் போன் செய்தேன். சிலை நூறு வருடம் இல்லை, முப்பது வருடம்தான் இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது உங்க மாமாவுக்கே தெரியும்டா" என்றார் அத்தை. "சும்மா பெருமைக்குச் சொல்றது. சாரத்துமேல நின்னே வேல பாத்தவரு. இவன் நிக்கிற நெலையப் பாத்துதான் புடிச்சுப்போச்சாம். கடையில மூணு நாள் போய்ப் பாத்துட்டு வந்து வாங்குனாராம்."

மறுநாள் மறுபடி அரும்பாவூர். வாகையில் ஓர் ஆள் வேண்டும் என்றேன். சாமி வேண்டாம். சாரத்தில் நிற்கிற ஓர் ஆள், ஒன்றரை அடி, வார்னிஷ் வேண்டாம். விலை பேசவில்லை. ஆசாரி கொல்லையில் அடுக்கியிருந்த கட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காய வேண்டியிருக்கு, தைக்குப் பிறகு கூப்பிடுங்கள் என்றார்.

கிளம்பும்போது பெயரைப் பற்றிக் கேட்டேன். உன்கெய் 1176இல் முடித்த ஒரு சிலையின் பீடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். தோதாய்ஜி சிலைகளைக் கழற்றியபோது உள்ளே வெற்றிடத்தில் சிற்பிகளின் பெயர்கள் எழுதிய ஏடுகள் கிடைத்தன, எட்டு நூற்றாண்டு அங்கேயே இருந்திருக்கின்றன. நீங்களும் உங்கள் பெயரைப் போட்டுத் தர வேண்டும் என்றேன்.

"நம்மளுது ஒரே கட்டையாச்சே. உள்ள எங்க எடம் இருக்கு?"

"அடியில எழுதலாமே."

"அடியில வெல்வெட்டுத் துணி ஒட்டுவோம் தம்பி, ஷோகேஸ் கண்ணாடி கீறாம இருக்க." பென்சிலை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டார். "சரி, எழுதிட்டு அதுக்கு மேல ஒட்டிடுறேன்."